குனியும்போது வளைவது முதுகா, தொடை மூட்டா?

"இடுப்பு பிடித்துக்கொண்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் காட்டும் இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: முதுகின் அடிப்பகுதி, பிட்டத்தின் மேல்பகுதி, அல்லது தொடையும் உடலும் சேரும் மூட்டு. மூன்றையும் நாம் இடுப்பு என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் தொடை மூட்டு இறுகிப்போனவர் மாதக்கணக்கில் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சிகிச்சையோ பயிற்சியோ தொடங்கும் முன் எந்த இடம் என்று பிரித்துக்கொள்வதே முதல் வேலை.

கைகளை இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். உள்ளங்கைக்கு அடியில் தட்டுப்படுவது இடுப்புக்கூட்டின் மேல்விளிம்பு. இரண்டு பக்க விளிம்புகளையும் பின்னால் ஒரு கோடு போட்டு இணைத்தால் அது கீழ்முதுகின் நான்காவது முள்ளெலும்பு அருகே போகும். ஆக, கை இருக்கும் உயரம் முதுகின் உயரம். தொடை மூட்டு அதைவிட நன்றாகக் கீழே இருக்கிறது. ஒரு முழங்காலைத் தூக்கினால் தொடையின் முன்பக்கம் ஒரு மடிப்பு விழும் அல்லவா, அந்த மடிப்பின் நடுவே, உள்ளே ஆழத்தில்தான் பந்து கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவமனையில் ஹிப் ஜாயின்ட் என்பார்கள். குழப்பம் வராமலிருக்க இங்கே தொடை மூட்டு என்றே சொல்வோம்.

ஒன்று அசையாவிட்டால் இன்னொன்று அசையும்

இடுப்புக்கூடு இரண்டு தொடையெலும்புப் பந்துகளின் மேல் கவிழ்த்தும் நிமிர்த்தும் வைக்கக்கூடிய ஒரு பாத்திரம் போன்றது. முதுகெலும்பு அந்தப் பாத்திரத்தின் பின்பக்கத்தில் ஊன்றி நிற்கிறது. பாத்திரம் முன்னால் சரிந்தால் கீழ்முதுகின் உட்குழிவு கூடும், பின்னால் சரிந்தால் குழிவு குறைந்து முதுகு கூன் விழும். பாத்திரம் எவ்வளவு சரியலாம் என்பதைத் தீர்மானிப்பது தொடை மூட்டு. மூட்டில் இறுக்கம் இருந்தால் மிச்ச அசைவை முதுகுதான் ஈடுகட்டவேண்டும்.

கணக்காகப் பார்ப்போம். நின்றபடி கால்விரலைத் தொடக் குனியும்போது உடல் ஏறத்தாழ 110 டிகிரி மடிகிறது. அதில் கீழ்முதுகின் பங்கு 40 டிகிரி அளவு, தொடை மூட்டின் பங்கு 70 அளவு. பின்தொடைத் தசையும் பிட்டத் தசையும் இறுகி மூட்டு 45 டிகிரியிலேயே நின்றுவிட்டால், கை தரையை எட்ட முதுகு கூடுதலாக வளையவேண்டும். ஒருமுறை வளைந்தால் ஒன்றும் ஆகாது. முதுகெலும்பு வளையத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் குடம் தூக்க, குழந்தையைத் தூக்க, கீழே விழுந்த சாவியை எடுக்க என்று நாள் முழுவதும் அதே இரண்டு மூன்று முள்ளெலும்புகள் மட்டும் எல்லை வரை வளைந்துகொண்டிருந்தால் அந்த இடம் நோகத் தொடங்கும்.

திரும்புவதில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரி திரும்பினால் அதிகம். தொடை மூட்டோ உள்பக்கம் 30 முதல் 40 டிகிரி, வெளிப்பக்கம் 40 முதல் 50 டிகிரி சுழலும். மார்பு முதுகு இன்னொரு 30 டிகிரி தரும். பின்னால் திரும்பிப் பார்ப்பது, மட்டை வீசுவது, பக்கத்தில் இருக்கும் வாளியை எடுப்பது எல்லாம் இந்த இரண்டின் வேலை. இரண்டும் இறுகியவர் நடுவிலிருக்கும் கீழ்முதுகை முறுக்குகிறார்.

நடையிலும் இதைப் பார்க்கலாம். பின்கால் தரையை விடும் முன் தொடை உடலுக்குப் பின்னால் 10 டிகிரியாவது போகவேண்டும். அதைத் தடுப்பது பெரும்பாலும் சோவாஸ் என்ற தசை. இது கடைசி மார்பு முள்ளெலும்பிலும் கீழ்முதுகு முள்ளெலும்புகள் ஐந்திலும் தொடங்கி, இடுப்புக்கூட்டின் உள்ளே இறங்கி, தொடையெலும்பின் உட்பக்க மேட்டில் முடிகிறது. முதுகையும் தொடையையும் நேரடியாகக் கட்டும் தசை என்பதால், இது இறுகியிருக்கும்போது கால் பின்னே போகப் போகக் கீழ்முதுகு முன்னே இழுபடும். அப்படிப்பட்டவர் சற்று நேரம் நின்றாலே முதுகைப் பிடித்துக்கொள்வார், உட்கார்ந்தால் சுகம் என்பார்.

முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டியவர்கள்

கவட்டையைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்கமுடியாமல் போதல் அல்லது சிறுநீர் கழிக்கவே முடியாமல் போதல், கால் வலுவிழத்தல்: இவற்றில் எது புதிதாக வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாத எடை குறைவு, தூக்கத்தைக் கெடுத்து விடாமல் நீடிக்கும் இரவு வலி, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை ஆகியவையும் வீட்டுப் பயிற்சிக்கு உரியவை அல்ல.

காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, வயது 45க்குக் கீழே என்றால் அது அழற்சி வாதமாக இருக்கலாம். வாத நோய் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர்களுக்கும் அதிகம் மது அருந்துபவர்களுக்கும் தொடையெலும்புப் பந்தின் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சிதைவதுண்டு. அவர்களுக்குக் கவட்டி வலி வந்தால் தள்ளிப்போடக்கூடாது. விந்தி நடக்கும் பிள்ளையை, முழங்கால்தான் வலிக்கிறது என்று சொன்னாலும், தொடை மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டின் வலி முழங்காலில் தெரிவது வழக்கம். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் அறுவை செய்த மருத்துவர் அனுமதித்த அசைவுகளை மட்டும் செய்யவேண்டும்.

தொடை மூட்டும் முதுகெலும்பும் ஒருசேரத் தேய்ந்து, எது எதற்குக் காரணம் என்று பிரிக்கமுடியாமல் போகும் நிலையை 1983இல் ஆஃபியர்ஸ்கி, மக்னாப் என்ற இரண்டு மருத்துவர்கள் 'ஹிப் ஸ்பைன் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். முதுகு ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிகிறது என்பதற்காகவே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று ஆகிவிடாது. நடைமுறையில் ஓர் அடையாளம்: செருப்பு மாட்ட, கால் நகம் வெட்ட, காரில் ஏறக் காலைத் தூக்கும்போது கவட்டியில் குத்தினால் மூட்டைச் சந்தேகியுங்கள். முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால் முதுகின் நரம்பைச் சந்தேகியுங்கள்.

வீட்டிலேயே நான்கு சோதனைகள்

உறுதியான கட்டில் அல்லது பெஞ்சு, உயரமான ஸ்டூல், கைபேசி கேமரா போதும். ஒட்டடைக் கம்பு பிறகு பயிற்சிக்குத் தேவைப்படும். மெத்தை வேண்டாம், அமுங்கிவிடும்.

முதல் சோதனை 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால் வழங்குவது. கட்டிலின் விளிம்பில் பிட்டம் படுமாறு உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு அணைத்தபடி மல்லாந்து படுங்கள். கீழ்முதுகு கட்டிலைத் தொடும் அளவுக்கு ஒரு காலை அணைத்துக்கொண்டு, மற்ற காலைத் தொங்கவிடுங்கள். தொங்கும் தொடை கட்டில் மட்டத்துக்கு வந்தால் நல்லது. மேலேயே நின்றால், அந்தக் காலின் முழங்காலை மெல்ல நீட்டிப் பாருங்கள். நீட்டியதும் தொடை இறங்கினால் இறுக்கம் முன்தொடைத் தசையில், நீட்டியும் இறங்காவிட்டால் சோவாஸில் அல்லது மூட்டுறையில். பலர் இங்கே இரண்டு தவறு செய்வார்கள். முழங்காலை நெஞ்சில் அழுத்தி இழுத்தால் இடுப்புக்கூடு அளவுக்கு மேல் சுருண்டு, நல்ல மூட்டும் இறுகியதாகத் தெரியும். முதுகைத் தூக்கி வளைத்தால் இறுகிய மூட்டும் நன்றாக இருப்பதாகத் தெரியும். பக்கத்திலிருப்பவரைக் கீழ்முதுகுக்கு அடியில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இருக்கக்கூடாது, நசுக்கவும் கூடாது.

இரண்டாவதற்கு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நாலுகாலில் நின்று, பிட்டத்தைக் குதிகாலை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கவேண்டும். எந்த இடத்தில் கீழ்முதுகு வட்டமாக வளையத் தொடங்குகிறதோ அதுவே தொடை மூட்டு மடங்கி முடிந்த இடம். பாதி வழியிலேயே வளைந்தால் மூட்டு மடக்கம் குறைவு. இப்போது முழங்கால்களை ஒரு கையளவு அகட்டி மறுபடி செய்யுங்கள். வளைவு தாமதமாக வந்தால், உங்கள் எலும்பின் வடிவத்துக்கு அகலக் கால்தான் பொருந்துகிறது. குந்தும்போதும் பாரம் தூக்கும்போதும் அதே அகலத்தில் நில்லுங்கள். கிண்ணத்தின் ஆழமும் தொடையெலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோரும் பாதத்தை நேராக வைத்தே குந்தவேண்டும் என்று வற்புறுத்தும் பயிற்சியாளரின் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்கவேண்டாம்.

மூன்றாவது சுழற்சி. உயரமான ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு இரு பாதங்களையும் வெளிப்பக்கம் விலக்குங்கள். இதுதான் தொடை மூட்டின் உட்சுழற்சி. 30 டிகிரி வந்தால் போதும். பிட்டம் ஒரு பக்கம் எழும்பினால் அந்த அளவு போலி, கழித்துவிடுங்கள். எண்ணைவிட இடது வலது வித்தியாசமே முக்கியம். ஒரு பக்கம் மட்டும் வெகுவாகக் குறைந்து, கவட்டியில் வலியும் இருந்தால் மூட்டுத் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே பார்ப்பது நல்லது.

நான்காவது எளிது: மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டியபடி தூக்குங்கள். 70 முதல் 80 டிகிரி வரை வரவேண்டும். முழங்காலுக்குப் பின்னால் இழுத்தால் தசை. கூச்சமோ எரிச்சலோ பாதத்துக்கு இறங்கினால் நரம்பு. நரம்பை இழுத்துப் பயிற்சி செய்தால் நிலைமை மோசமாகும்.

நான்கின் முடிவையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

பயிற்சி: கம்பிலிருந்து தொடங்குங்கள்

இறுகிய தசையை இழுத்துவிட்டால் தோரணை தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மூட்டில் இடம் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் முதுகிலிருந்தே குனிகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இழுப்புப் பயிற்சியே தேவையில்லை. ஆகவே முதலில் குனியக் கற்றுக்கொள்ளவேண்டும்.

ஒட்டடைக் கம்பை முதுகோடு நெட்டாக வைத்து, ஒரு கையால் கழுத்துக்குப் பின்னாலும் மற்றொரு கையால் கீழ்முதுகுக்குப் பின்னாலும் பிடியுங்கள். கம்பு மூன்று இடங்களைத் தொடவேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வாலெலும்பின் மேல்பகுதி. சுவருக்கு முதுகைக் காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பாத நீளம் விட்டு நில்லுங்கள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தால் சுவரைத் தொடுங்கள். தலை முன்னே போவது அதன் விளைவாக நடக்கட்டும். எழும்போது பாதத்தால் தரையை அழுத்தி, பிட்டத்தை இறுக்கி நிமிருங்கள். 10 தடவை, மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் சுவரிலிருந்து இரண்டு விரல் அகலம் முன்னே நகருங்கள்.

கம்பு வாலெலும்பை விட்டு விலகினால் முதுகு வளைந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்தித் திரும்புங்கள். பின்தலையை விட்டு விலகினால் தலையை முன்னே தள்ளுகிறீர்கள். முழங்கால் முன்னே ஓடினால் அது குந்துவது, குனிவது ஆகாது. சரியாகச் செய்தால் பின்தொடையில் ஓர் இழுவிசை தெரியும், கீழ்முதுகில் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் பயன் உண்டு.

இரண்டாவது வாரத்திலிருந்து மற்றவற்றைச் சேர்க்கலாம். சோதனையில் எது குறைவோ அதற்கு மட்டும் நேரம் கொடுங்கள்.

தாமஸ் சோதனையில் தொடை இறங்காதவர்களுக்கு மண்டியிட்ட நிலை. நான்காக மடித்த துண்டின் மேல் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னே வையுங்கள். இரண்டு முழங்காலும் செங்கோணத்தில் இருக்கட்டும். நகருவதற்கு முன்பே வலது பிட்டத்தை இறுக்கி, வாலெலும்பைக் கால்களுக்கு நடுவே சுருட்டுவதுபோல் இடுப்புக்கூட்டைப் பின்னால் சரியுங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே வலது தொடையின் முன்மேல்பகுதி இழுக்கும். அதன்பின் இரண்டு அங்குலம் மட்டும் முன்னே நகர்ந்து 30 விநாடி நில்லுங்கள், மூச்சை அடக்கவேண்டாம். பக்கத்துக்கு மூன்று தடவை. வீடியோக்களில் காட்டுவதுபோல் முன்னே வெகுதூரம் பாய்ந்து முதுகை வளைத்தால் பெரிதாக ஏதோ செய்வதுபோல் இருக்கும். ஆனால் இழுபடவேண்டிய தசைக்குப் பதில் கீழ்முதுகு மடங்கி, மூட்டின் முன்பக்க உறைதான் இழுபடும். ஏன் 30 விநாடி என்று கேட்டால், பின்தொடைத் தசையில் 1994இல் செய்த ஒரு பரிசோதனையில் 30 விநாடியும் 60 விநாடியும் ஒரே அளவு பயன்தான் தந்தன.

சுழற்சி குறைந்தவர்கள் தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னே ஊன்றி, பாதங்களைத் தோளகலத்துக்கு மேல் அகட்டி, இரு முழங்கால்களையும் ஒருசேர வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் சாய்க்கவேண்டும். பக்கத்துக்கு எட்டு. பிட்டம் எழும்பினால் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். முழங்காலின் உட்பக்கம் வலித்தால் சாய்வைக் குறைக்கவேண்டும், ஏனென்றால் மூட்டில் கிடைக்காத சுழற்சியை இப்போது முழங்கால் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மடக்கம் குறைந்தவர்களுக்குச் சோதனையே பயிற்சி: நாலுகாலில் பின்னே தள்ளி, முதுகு வளையும் இடத்துக்குச் சற்று முன்பாக நிறுத்தித் திரும்புவது, 10 தடவை.

பெற்ற இடத்தைத் தக்கவைக்க வலு வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பிட்டத்தைத் தூக்கி மூன்று விநாடி நிறுத்தி இறக்குங்கள்: 12 தடவை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பின்தொடையில் சுளுக்குப் பிடித்தால் குதிகாலைப் பிட்டத்துக்கு அருகே இழுங்கள். முதுகில் சுமை தெரிந்தால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள்.

முதுகைக் கம்பு போல் வைத்திருப்பது கற்பதற்காக மட்டும்தான். நாள் முழுவதும் விறைப்பாக இருப்பதும் முதுகை வலிக்கச்செய்யும். அதனால் முடிவில் நாலுகாலில் நின்று முதுகைப் பூனைபோல் மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் எட்டு தடவை செய்யுங்கள். பிறகு ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி ஒட்டிவைத்து, மேல்கையை மறுபக்கம் விரித்து மார்பைத் திறவுங்கள், பக்கத்துக்கு ஆறு. மொத்தம் 15 நிமிடத்தில் முடியும். வாரத்தில் ஐந்து நாள் போதும்.

இழுத்த உடனே கூடிய வீச்சு சிறிது நேரத்தில் திரும்பக் குறைந்துவிடும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். முதல் சில வாரங்களில் தசை நீளமாவதில்லை. இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகுகிறது, அவ்வளவுதான். பயிற்சி செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு அசௌகரியம் இருக்கலாம். அடுத்த நாள் காலை வலி கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

தரையில் உட்காரும்போதும் எழும்போதும்

சம்மணமிடும்போது முழங்கால் இடுப்பைவிட உயரமாக நின்றால், சுழற்சி போதாமல் இடுப்புக்கூடு பின்னால் சரிந்து முதுகு கூனிவிட்டது என்று பொருள். நிமிர்ந்து உட்காரு என்று அதட்டிப் பயனில்லை. பிட்டத்துக்கு அடியில் மட்டும் மூன்று நான்கு அங்குல மணையோ மடித்த போர்வையோ வையுங்கள். முழங்கால் இறங்கும், முதுகு தானாக நிமிரும். பந்தியில் உட்காரும்போது எந்தக் கால் முன்னே என்பதையும் மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க ஒரே காலைத்தான் முன்னே போடுகிறார்கள்.

குந்தும்போது குதிகால் எழும்பினால் குற்றம் கணுக்காலிலும் இருக்கலாம். பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவர்கள் குதிகாலுக்கு அடியில் ஓர் அங்குலப் பலகை வைத்துக் குந்திப் பழகலாம், முதுகு வளைவது உடனே குறையும்.

கோலம் போடும்போது முழங்காலைச் சிறிது தளர்த்தி, கம்புப் பயிற்சியில் செய்ததைப் போல் பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனியலாம். இடக்கையைத் தொடையில் ஊன்றினால் முதுகின் பாரம் குறையும். நாற்காலி வேலைக்காரர்கள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இருபது அடி நடந்தால் போதும், விலையுயர்ந்த நாற்காலி அவசியமில்லை.

கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று "இடுப்பு முன்னால் சரிந்திருக்கிறது" என்று கவலைப்பட வேண்டாம். வலியே இல்லாத பெரும்பாலோருக்கும் இடுப்புக்கூடு சற்று முன்சரிவாகத்தான் இருக்கும், அது இயல்பு. நிற்கும் கோணத்தைவிட, தேவைப்படும்போது இரண்டு பக்கமும் சரித்து நகர்த்த முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஆறு வாரம் கழித்து, அதே கட்டிலில், அதே நேரத்தில், பயிற்சிக்கு முன்பாக நான்கு சோதனைகளையும் மறுபடி செய்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள். முன்னேறியிருந்தால் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் துளியும் நகரவில்லை, கடைசியில் எலும்பில் இடித்ததுபோல் நிற்கிறது என்றால் அது தசை இறுக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. மேலும் இழுக்காமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடமோ ஃபிசியோதெரபிஸ்டிடமோ போங்கள்.